அக்கா பெட்டி, தங்கச்சி பெட்டி

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் வேலை பார்த்த லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் குடல் பாக்டீரியா ஆராய்ச்சிக்காக மறுபடியும் மலம் சேகரிக்கப் போகிறார்களாம். வழி, பஸ், ஐஸ் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். போனை வைக்கப் போகும்போது சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள். "மலை ஆளுங்க சாமை, ராகிதானே மேடம் சாப்பிடுவாங்க. அவங்க குடல் நல்லாத்தானே இருக்கும்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "அங்க போய் அப்படிக் கேக்காதம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றாள். போனில் சொல்கிற விஷயமா அது? அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் சகாயமேரி. பிறந்தது ஏற்காட்டில். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சிஸ்டர்மார் பள்ளியில் படித்து, சேலத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். இடையில் நான் பார்த்ததெல்லாம் மலம்தான். எஸ்டேட் ஆட்கள் தீப்பெட்டியில் கொண்டுவருவதை உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு கலந்து, மைக்ராஸ்கோப்பில் கொக்கிப்புழு முட்டை தேடுவேன். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரச் சொந்தக்காரர்கள் யோசிப்பார்கள். "கையக் கழுவுனியா மேரி" என்று கேட்காத சித்தப்பா கிடையாது. வயிற்றுக்குள் உயிரோடு எது இருந்தாலும் அது எதிரி, கண்டுபிடித்துக் கொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அதனால் டாக்டர் கனகவல்லி எங்கள் துறைக்கு வந்து முதல் கூட்டத்தில் பேசியபோது எனக்குத் தலை சுற்றியது. குடலுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது, அதில் எவ்வளவு வகை இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றார். நாம் சாப்பிடுகிற நார்ச்சத்தைத் தின்றுதான் அவற்றில் பல பிழைக்கின்றன. அவை பிழைத்தால் குடல் சுவர் பலமாக இருக்கும், சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு ஒழுங்காகக் கையாளும். உடல் பருத்தவர்கள் பலரிடமும் சர்க்கரை நோயாளிகள் பலரிடமும் இந்த வகைகள் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சர்வீஸ் முழுக்கப் பூச்சி மருந்துக்குச் சிபாரிசு செய்தவள் ஆயிற்றே.

டாக்டரம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் நாம் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றால்தான் திட்டு வாங்க முடியும். பெருக்குகிற அம்மா முதல் டீன் வரை எல்லாரும் 'நீங்க'தான். எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா, கேட்டீங்களா?" ராத்திரி கரண்ட் போகவில்லை, ஃப்ரீசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று சொன்னால், "பாத்தீங்களா, கேட்டீங்களா?" வாட்ச்மேன் சொன்னார் என்றால், "அப்ப அவரைக் கூப்பிடுங்க" என்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். பிறகு வீட்டில் என் வீட்டுக்காரரிடம் நானே அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டேன், பாவம் மனுஷன்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்கா தங்கச்சி. ஒருத்தி மலையிலேயே இருக்க வேண்டும். இன்னொருத்தி அடிவாரத்துக்கோ சேலத்துக்கோ கல்யாணமாகிப் போய் அங்கேயே வருஷக்கணக்காக இருக்க வேண்டும். ரத்தம் ஒன்று, சாப்பாடு வேறு. மேலே இருப்பவள் வயிற்றில் வகை அதிகமாகவும், கீழே இருப்பவள் வயிற்றில் குறைவாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். லேபில் நாங்கள் இதற்கு வைத்த பெயர் அக்கா பெட்டி, தங்கச்சி பெட்டி.

பெட்டி விஷயத்தில் நான் பேய். மூடியிலேயே குட்டிக் கரண்டி பொருத்திய டப்பா அது. வீட்டில் கொடுப்பதற்கு முன்பே எண் ஒட்டிவிடுவேன், மூடியில் ஒன்று, டப்பாவில் ஒன்று. ஈரம் பட்டால் பேனா மை ஓடிவிடும் என்பதால் பென்சிலில்தான் எழுதுவேன். முதல் நாளே போய், நிறைய பேர் வெளிக்குக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் என்பதால், தரையில் விரிக்கக் காகிதமும் கொடுத்து, மண் படாமல் நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று வெட்கப்படாமல் விளக்குவேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். விடிந்ததும் போய் வாங்கி, எண்ணைப் பார்த்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, அன்றைக்கே லேபுக்குக் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் எனக்குக் காப்பி. ஜீப் கிடைக்காத நாளில் பஸ்தான். ஒரு கண்டக்டர், "ஏனுங்க, பெட்டில மீனுங்களா? கசிஞ்சா நாறும், பின்னால வெச்சுக்கங்க" என்றார். மீன் இல்லை, கசியாது என்றேன். என்ன என்று மறுபடி கேட்டார். சொன்னேன். கொண்டை ஊசி வளைவு முழுக்க அவர் என் பக்கம் திரும்பவேயில்லை, டிக்கெட்டும் கேட்கவில்லை.

மலைமேல் செம்மநத்தத்தில் சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா. கொஞ்சம் சொந்தக் காடு, மிச்ச நாளெல்லாம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிற வேலை. ஒல்லி உடம்பு, வயிறு மட்டும் லேசாக முன்னால் தள்ளியிருக்கும். அவருடைய தங்கை மாதேஸ்வரி அடிவாரத்தில் இட்லிக்கடை வைத்திருந்தார். நல்ல கனத்த உடம்பு, ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாருமே சின்னப்பொண்ணுவுக்கு நர்சம்மாதான். நல்ல பூச்சிகள் பலவகை வேண்டும் என்று நான் விளக்கியதும் அவர் சட்டென்று சொன்னார்: "கலப்பு வெள்ளாமைன்னு சொல்லுங்க. சாமைக்குள்ள துவரையும் அவரையும் போடறாப்பல." டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்திலேயே அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்.

முடிவுகள் வர மாதங்கள் ஆயின. வந்த அன்று டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் வண்ண வண்ணக் கட்டங்கள். அநேக ஜோடிகளில் நாங்கள் எதிர்பார்த்தது போலத்தான் இருந்தது. ஒரு ஜோடியில் அப்படியே தலைகீழ். இட்லிக்கடைத் தங்கையின் குடலில் வகை வகையாகக் கிடக்கிறது. மலைமேல் இருக்கும் அக்காவின் குடல் வறண்ட காடு மாதிரி இருக்கிறது, நாலைந்து வகை மட்டும் மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"மேரி, லேபிள் மாறிடுச்சா?" என்றார். நான் குனிய வேண்டியிருந்தது, அவ்வளவு மெல்லிய குரல்.

மாறாது மேடம் என்றேன். அந்தப் பொழுதில் என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. ஒரு ஜோடியில் மாறியிருந்தால் மற்றதில் மாறவில்லை என்று யார் சொல்ல முடியும்? மொத்தச் சேகரிப்பையும் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். ரிட்டயர் ஆகப் போகிற நேரத்தில், 'மேரி கலந்தடிச்சுட்டா' என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஆராய்ச்சியில் எது தப்பினாலும் பெட்டி தூக்கினவள் தலையில்தான் வந்து விடியும். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு பூசையில் ஃபாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது. மாதாவே, லேபிள் மாறியிருக்கக் கூடாது என்று ஒரே வேண்டுதல்.

மறுபடி சேகரிப்பது என்று முடிவானது. போகும் முன் டாக்டரம்மா பழைய உணவு விவரத்தை எடுத்துப் பார்த்தார். மாணவர்கள் கேட்டு எழுதியது. சாமையும் ராகியும் தினமும் உண்டு என்று இருந்தது. "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்று அந்தப் பையன்களைக் கேட்டார். கேட்டதுதான் மேடம் என்றார்கள். "சரி, நானும் வரேன். இந்தத் தடவை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார்.

சொல்லிக்கொள்ளாமல் காலை வேளையில் போய் இறங்கினோம். சின்னப்பொண்ணு பதறிப்போனார். "வாங்க வாங்க, ஊட்டுல ஒண்ணுமே ஆக்கலீங்களே" என்று தவித்தார். நாங்கள் நேராக அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டோம். குண்டானில் ரேஷன் அரிசிச் சோறு, பக்கத்தில் பாமாயிலில் தாளித்த ரசம். ஆணியில் மாட்டியிருந்த பையில் பன்னும் பொறை பிஸ்கட்டும். அவர் பெரிய லோட்டாவில் தண்ணீர் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டே பேசினார். சாமை எங்கே என்று கண்ணால் தேடினேன். தானியம் கொட்டி வைக்கும் குதிர் காலி.

கேட்கக் கூடாது என்ற உத்தரவை மீறி நான்தான் கேட்டேன், சாமை எல்லாம் எங்கே என்று.

"தங்கச்சி ஊட்டுக்குப் போயிருச்சுங்க" என்றார். முகத்தில் ஒரு பெருமை.

கதை மெல்ல வந்தது. மாதேஸ்வரிக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் கீழே ஒரு டாக்டர் சிறுதானியம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கடையில் சாமை விற்கிற விலைக்கு இட்லிக்கடைக்காரி எங்கே போவாள்? அன்றிலிருந்து விளைகிற சாமை, ராகி, அவரை, துவரை மொத்தமும் மூட்டை கட்டி பஸ்ஸில் இறங்கிவிடுகிறது. தன் பங்கை எடுத்து வைத்துக்கொண்டதாகத் தங்கச்சியிடம் சொல்லிவிடுவாராம். அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று தங்கச்சி அதே பஸ்ஸில் தன் ரேஷன் அரிசியையும் பாமாயிலையும் பேக்கரிப் பன்னையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அக்கா ஆசையாகத் தின்பாள் என்று இனிப்புப் பன். வருஷக்கணக்காக இப்படித்தான். நான் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போன பஸ்ஸிலேயே அந்த மூட்டையும் போயிருக்கும். என் டப்பாக்கள் மாறவில்லை. இரண்டு அடுப்படிகள்தான் மாறியிருந்தன.

அப்புறம் ஏன் சாமை சாப்பிடுவதாகச் சொன்னீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சின்னப்பொண்ணுவுக்குக் கேள்வியே புரியவில்லை. "தம்பிங்க அவ்வளவு தூரம் ஏறி வந்து, சாமைதானுங்களே சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. ஊடு தேடி வந்தவங்ககிட்ட இல்லைன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. டாக்டரம்மாவின் பார்வை அந்த அம்மா கையிலிருந்த லோட்டாவில் இருந்தது. பிறகு கீழே இறங்கி, சேலை மறைத்திருந்த வலது காலுக்குப் போனது. பாதத்தில் துணி சுற்றியிருந்தது. என்ன என்றார். அட்டை கடிச்சதுங்க, ஆறிப்போகும் என்றார் சின்னப்பொண்ணு. எவ்வளவு நாளாக? காப்பி பூத்த காலத்திலிருந்து, அதாவது எங்கள் முதல் சேகரிப்புக்கும் முன்பிருந்தே. கடையில் சிவப்பு மஞ்சள் மாத்திரை வாங்கி விழுங்குகிறாராம், நிறுத்தாமல். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். புண்ணுக்குத் தின்ற ஆன்டிபயாடிக் மாத்திரை குடலுக்குள் இருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றிருக்கும் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. துணியை நானே அவிழ்த்தேன். வாழ்நாள் முழுக்க மலத்தோடு புழங்கியவள், எனக்கு நாற்றம் ஒரு பொருட்டில்லை. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. வலிக்கவில்லையா என்றேன். "ஒண்ணுமே தெரியலீங்களே" என்று சிரித்தார்.

டாக்டரம்மா பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு வைத்தேன். எண் வரவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு பட்டையைச் செருகினேன். மறுபடியும் எண் வரவில்லை, ஆங்கிலத்தில் 'HI' என்று மட்டும் வந்தது. கருவி காட்டக்கூடிய அளவையெல்லாம் சர்க்கரை தாண்டிவிட்டது. எங்கள் ஆராய்ச்சியில் இந்த அம்மா ஆரோக்கியமானவர் பக்கம். மலைக்காரி, ஒல்லி, சாமை சாப்பிடுகிறவர், இவருக்கு எதற்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. லேபிள் பார்க்கப் போன இடத்தில், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

உடனே ஜீப்பில் ஏறுங்கள் என்றார் டாக்டரம்மா. சின்னப்பொண்ணு அசையவில்லை. சர்க்கரை என்றதும் முகம் வெளுத்துப்போனது. தனக்காகத்தான் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா சாமையத் தொட மாட்டா. திருப்பி அனுப்பிச்சிருவா" என்றார். முள் குத்திச் சீழ் வைத்ததாகத்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகே ஜீப்பில் ஏறினார். நோயாளி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எப்படியும் எங்களுக்கு விதி. ஆனாலும் அந்தச் சத்தியம் என் நெஞ்சில் கல் மாதிரி இருந்தது.

புதுச் சேகரிப்பின் முடிவு பிறகு வந்தது. பழையது போலவேதான் இருந்தது. லேபிள் சரி. டாக்டரம்மா எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் சர்வீசில் எந்த டாக்டரும் எனக்குச் செய்யாத மரியாதை அது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. லேபிள் மாறியிருக்கக் கூடாதா, நான் கெட்ட பெயரோடு வீட்டுக்குப் போனாலும் அந்த அம்மா நன்றாக இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். மாதாவிடம் நான் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துவிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது.

அந்த முடிவு வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. காலைக் காப்பாற்ற முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். மறுநாள் நானும் டாக்டரம்மாவும் வார்டில் இருந்தபோது மாதேஸ்வரி மூச்சிரைக்க வந்தார். கையில் பை நிறையப் பன். அக்காவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, முள்ளு குத்தினதுக்கா காலையே எடுப்பாங்க என்று அழ ஆரம்பித்தார். வார்டு நர்ஸ் ஓடிவந்து பையை வெடுக்கென்று எடுத்தார். "சர்க்கரைக்காரங்களுக்குப் போய் இதைத் தர்றீங்களே, யாருங்க நீங்க?" என்றார். அவருக்கு எந்தச் சத்தியமும் தெரியாது.

மாதேஸ்வரியின் அழுகை நின்றுவிட்டது.

"சாமைச்சோறு திங்கறவளுக்கு எப்படிங்க சர்க்கரை வரும்?" என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொன்றாக அந்த முகத்தில் விளங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன், பார்த்திருக்கவே கூடாது.

"அப்ப நாந்தானுங்களா?" என்றார்.

டாக்டரம்மா முன்னால் வந்தார். பரம்பரையாகவும் வரும், மாத்திரையும் கெடுத்திருக்கும், இன்னதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு யாருக்கும் இன்னும் தெரியாது என்றார். அத்தனையும் உண்மை. மாதேஸ்வரி ஒன்றையும் காதில் வாங்கவில்லை. போர்வைக்கு அடியில் பாதம் இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் ஒடம்புக்குன்னு சாமையக் குடுத்தா. இப்பக் காலையும் குடுத்துட்டாளுங்களே."

சின்னப்பொண்ணு மெல்லத் திரும்பினார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்து போயிருந்தது, பேச்சு சிரமப்பட்டுத்தான் வந்தது.

"நேரத்துலயே கெளம்பி வந்திருப்பியே. சாப்டியாடி?" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.